கட்டற்ற மென்பொருள் ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் ஆவணத்தில் ஓர் எழுத்து தவறியிருந்தால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் பெரும்பாலும் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுவார். அவருடைய கண்ணே அந்தச் சொல்லைச் சரிசெய்து படித்துவிடும். தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்து, வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து, மாரத்தஹள்ளியிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒரு பிஜி விடுதியில் தங்கி, இரவு நேரத்தில் ஆவணங்களைப் படித்தே புதிய மென்பொருளைக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு அது அவ்வளவு எளிதில்லை. தவறாக எழுதப்பட்ட சொல் தமக்குத் தெரியாத ஏதோ ஒரு கலைச்சொல் என்று எண்ணி, அகராதியிலும் இணையத்திலும் தேடிப் பார்த்த பிறகே அது பிழை என்று அவருக்குத் தெரியவரும். கட்டளை வரியிலேயே பிழை இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அதைப் படியெடுத்து ஒட்டியவர், தம் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் அலைவார்.

இப்படித் தடுமாறியவரே அந்தப் பிழையைத் திருத்துவதற்கு மிகவும் ஏற்றவர் என்பது பெங்களூரில் ஆவணம் எழுதுவதையே தொழிலாகக் கொண்டிருக்கும் என் உறுதியான கருத்து. அவர் அந்தப் பக்கத்தை உண்மையாகவே படித்திருக்கிறார். சொல் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பிழைகளை வேட்டையாடுவதற்கென்றே களஞ்சியம் களஞ்சியமாக (ஒரு திட்டத்தின் கோப்புகள் அனைத்தும் இருக்கும் இடமே களஞ்சியம்) அலைபவருக்கு அந்த அறிவு இருப்பதில்லை. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும், நீங்கள் படித்த ஆவணத்தில் நீங்களே கண்ட பிழையைத் திருத்துகிறீர்கள் என்ற அடிப்படையில் எழுதப்பட்டது.

## முதலில், அது பிழைதானா?

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்களால்தான், திட்டத்தை நடத்தி மாற்றங்களை ஏற்கும் பராமரிப்பாளர்களுக்கு மிகுந்த தொல்லை ஏற்படுகிறது. ஆகவே இதில் சற்று நிதானமாக நின்று பார்ப்போம்.

இணைய உலாவி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் செல்லும்போது, எங்கிருந்து வந்தோம் என்பதை எச்டிடிபி என்னும் இணைய நெறிமுறை வழியாகச் சேவையகத்துக்குத் தெரிவிக்கும் புலத்தின் பெயர் ரெஃபரர். ஆங்கில அகராதிப்படி அதன் நடுவில் ஆர் என்னும் எழுத்து இரண்டு முறை வரவேண்டும். 1996 மே மாதம் வெளியான, அந்த நெறிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 1945 ஆவணத்தில் அது ஒரே ஆர் எழுத்துடன் இடம்பெற்றுவிட்டது. அதற்குள் மென்பொருள்களும் அந்த வடிவத்தையே பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால், இன்றுவரை அதுவே அதிகாரபூர்வமான பெயர். பின்னாளில் வந்த ரெஃபரர்-பாலிசி என்ற புலமோ இரண்டு ஆர் எழுத்துகளுடன் சரியாக எழுதப்படுகிறது. எனவே இவ்விரண்டையும் விளக்கும் ஒரு பக்கத்தில் இரு வடிவங்களும் அடுத்தடுத்து வருவதே சரி. நல்லெண்ணத்துடன் ஒருவர் அவற்றை ஒரே மாதிரியாக மாற்றினால், அந்த ஆவணத்தைப் பார்த்து எழுதப்படும் நிரல் வேலை செய்யாது.

யூனிக்ஸ் இயக்குதளத்தில் கோப்பை உருவாக்கும்படி நிரல்கள் கேட்கும் கிரியேட் என்ற கணினி அழைப்பும் அப்படியே. இறுதியில் வரவேண்டிய இ அதில் இல்லை. யூனிக்ஸை மீண்டும் வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்கு, அந்த இ எழுத்தைச் சேர்ப்பேன் என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் சொன்னது கணினித்துறையில் பரவலாக அறியப்பட்ட செய்தி. அதை உருவாக்கியவரே விரும்பினாலும் இனி மாற்ற இயலாத அளவுக்கு ஒரு பெயர் ஊன்றிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், செயற்கூறு, மாறி, அமைவுத் தெரிவு ஆகியவற்றின் பெயர்களில் நாம் தயங்காமல் கைவைக்க மாட்டோம்.

நம்மூர்ப் பள்ளிகளில் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலைப் படித்தவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. கலர், பிஹேவியர் போன்ற சொற்களில் யூ எழுத்து இல்லாததைக் கண்டதும் பிழை என்று தோன்றும். அது அமெரிக்க வழக்கு. லினக்ஸ் கெர்னல் (லினக்ஸ் இயக்குதளத்தின் மையப்பகுதி) திட்டத்தின் ஆவண வழிகாட்டி இதைப் பற்றித் தெளிவாகவே சொல்கிறது: பிரிட்டிஷ், அமெரிக்க வழக்குகள் இரண்டும் அங்கே ஏற்கப்படுபவை, ஒன்றை மற்றொன்றாக மாற்றத் தேவையில்லை, முற்றுப்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளியா இரண்டா என்ற விவாதத்துக்கும் அங்கே இடமில்லை. இணையத் தொழில்நுட்பங்களை விளக்கும் எம்டிஎன் போன்ற ஆவணங்கள் அமெரிக்க வழக்கையே கடைப்பிடிக்கின்றன. அந்தந்தத் திட்டத்தின் நடைக் கையேட்டைப் படிக்காமல் இவ்வகை மாற்றம் எதையும் அனுப்பாதீர்கள்.

மென்பொருள் உண்மையாக அச்சிடும் செய்தியை ஆவணம் அப்படியே எடுத்துக்காட்டியிருக்கலாம். அந்தச் செய்தியில் பிழை இருந்தால், திருத்தவேண்டிய இடம் நிரல். ஆவணத்தை மட்டும் திருத்தினால், திரையில் வந்த வரியை ஆவணத்தில் தேடும் பயனருக்கு அது அகப்படாது. மேற்கோள்கள், ஆட்பெயர்கள், பிழைதிருத்தியைச் சோதிப்பதற்காகவே தவறாக எழுதி வைத்த சொற்கள் ஆகியவையும் தொடக்கூடாதவை. நேர மண்டலப் பெயர்களில் ஏஷியா/கல்கத்தா என்று பார்த்ததும் கொல்கத்தா என்று மாற்றத் தோன்றும். அந்தப் பழைய பெயரும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் புதிய பெயருக்கான இணைப்பாக இன்றும் செல்லுபடியாகிறது. ஆவணம் எதைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்த பின்பே முடிவெடுக்க வேண்டும்.

உறுதிசெய்துகொள்ள ஒரு வழி உண்டு. சொல்லை நல்ல அகராதி ஒன்றில் பாருங்கள். பிறகு, கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பேணும் கிட் மென்பொருளின் கிட் குரெப் கட்டளையைக் கொண்டு அதே எழுத்துக்கூட்டலைக் களஞ்சியம் முழுவதிலும் தேடுங்கள். நிரலிலும் அதே வடிவம் வந்தால் அது பெயராக இருக்கக்கூடும். ஐயம் இன்னும் தீரவில்லை என்றால் கிட் பிளேம் மூலம் அந்த வரியை எழுதிய கமிட்டை (குறிப்புடன் பதிவான மாற்றத்தை) கண்டுபிடித்து அதன் குறிப்பைப் படியுங்கள். வேண்டுமென்றே எழுதப்பட்டதா என்பது பெரும்பாலும் அங்கே விளங்கிவிடும்.

## மூலக் கோப்பைக் கண்டுபிடித்தல்

நாம் உலாவியில் படிக்கும் பக்கம் அநேகமாக வேறொரு கோப்பிலிருந்து உருவாக்கப்பட்டதாகவே இருக்கும். உருவான பக்கத்தைத் திருத்தினால் அடுத்த முறை தளம் புதுப்பிக்கப்படும்போது பிழை திரும்ப வந்துவிடும்.

பல தளங்களில் பக்கத்தின் மேலோ கீழோ அதன் மூலத்துக்கு இணைப்பு இருக்கும். எம்டிஎன் பக்கங்களின் அடியில், களஞ்சியங்களை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் அந்தப் பக்கத்தைக் காட்டும் இணைப்பு உண்டு. பைத்தானின் ஆவணங்கள் நிரலுடன் ஒரே களஞ்சியத்தில் டாக் என்னும் அடைவில், ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்னும் உரைக் குறியீட்டு வடிவில் உள்ளன. குபர்நெட்டிஸின் ஆவணங்களோ நிரலிலிருந்து பிரிந்து தனிக் களஞ்சியத்தில் உள்ளன. இணைப்பு எதுவும் இல்லையென்றால், பிழை உள்ள வாக்கியத்திலிருந்து மூன்று நான்கு சொற்களை எடுத்துக் களஞ்சியத்தில் தேடுங்கள். வாக்கியம் மூலக்கோப்பில் இரண்டு வரிகளாக உடைந்திருக்கக்கூடும் என்பதால் நீண்ட தொடரைத் தேடாதீர்கள்.

ஏபிஐ (பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் செயற்கூறுகள்) பற்றிய விளக்கப் பக்கங்களுக்குத் தனிக் கவனம் தேவை. ஸ்ஃபிங்ஸ், டாக்சிஜன், ஜாவாடாக் போன்ற கருவிகள் நிரலுக்குள் இருக்கும் விளக்கக் குறிப்புகளை எடுத்தே அப்பக்கங்களை உருவாக்குகின்றன. ஆகவே நீங்கள் திருத்தவேண்டியது நிரல் கோப்பு. கட்டளைகளுக்கான கையேடுகளாகிய மேன் பக்கங்கள் சில, மென்பொருளின் உதவிச் செய்தியிலிருந்து ஹெல்ப்2மேன் என்னும் கருவியால் உருவானவை. அங்கும் உதவிச் செய்தியே மூலம். கோப்பின் முதல் சில வரிகளில் இது தானாக உருவாக்கப்பட்டது, திருத்தாதீர்கள் என்ற குறிப்பு இருக்கிறதா என்று எப்போதும் பாருங்கள்.

களஞ்சியத்துக்குள் பிற திட்டங்களின் நூலகங்களை அப்படியே படியெடுத்து வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பில் பிழை இருந்தால் அதன் மூலத் திட்டத்துக்குப் போய் அங்கே திருத்தவேண்டும். முன்பே வெளியிடப்பட்ட பதிப்புகளின் மாற்றக் குறிப்புகள் வரலாற்றுப் பதிவுகள். பொருள் மாறும்படியான பிழை இல்லாதவரை அவற்றை விட்டுவிடுவது நல்லது.

கடைசியாக ஒன்று: நீங்கள் படித்தது நிலையான பழைய பதிப்பின் ஆவணமாக இருக்கலாம். முதன்மைக் கிளையில் அந்தப் பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு, திறந்த நிலையில் உள்ள புல் ரிக்வெஸ்டுகளில் (மாற்றத்தை ஏற்கும்படி பராமரிப்பாளருக்கு அனுப்பும் வேண்டுகோள்களில்) வேறொருவர் அதே திருத்தத்தை அனுப்பியிருக்கிறாரா என்றும் தேடுங்கள்.

## தொடங்குமுன் அனுமதிகள்

பெங்களூரில் இதைப் படிப்பவர்களில் பெரும்பாலானோர் ஏதேனும் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவர்களாகவே இருப்பீர்கள். உங்கள் பணி ஒப்பந்தத்தில், வேலைக் காலத்தில் நீங்கள் எழுதுபவற்றின் உரிமை யாருக்கு என்று ஒரு பிரிவு இருக்கக்கூடும். வெளித்திட்டங்களுக்குப் பங்களிப்பதற்கு முன் மேலாளரிடமோ, திறமூலப் பங்களிப்புகளைக் கவனிக்கும் குழு இருந்தால் அவர்களிடமோ ஒரு மின்னஞ்சலில் அனுமதி கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஓர் எழுத்துக்கு இவ்வளவா என்று தோன்றலாம். முதல் திருத்தத்துக்குப் பிறகு நீங்கள் பெரிய பங்களிப்புகளுக்குச் செல்வீர்கள் என்று நம்பியே இதைச் சொல்கிறேன்.

அலுவலக மடிக்கணினியைப் பயன்படுத்தாமல் உங்கள் சொந்தக் கணினியைப் பயன்படுத்துங்கள். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிவுசெய்கிறது. அது பொதுவெளிக்குச் சென்ற பின் அழிப்பது மிகக் கடினம். எந்த முகவரி பதிவாகப்போகிறது என்பதை முதலிலேயே சரிபாருங்கள். முகவரியை மறைக்க விரும்புவோருக்கென்று கிட்ஹப் ஒரு மாற்று முகவரியைத் தருகிறது.

அடுத்தது திட்டத்தின் விதிகள். களஞ்சியத்தின் முதன்மை அடைவில் கான்ட்ரிப்யூட்டிங் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதை முழுமையாகப் படியுங்கள். பைத்தான் போன்ற திட்டங்களில் பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் ஒரு தானியங்கி அதை நினைவூட்டும். லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் வேறொரு முறை உள்ளது: கமிட் குறிப்பின் அடியில் சைன்டு-ஆஃப்-பை என்ற வரியைச் சேர்த்து, இதை அளிக்க எனக்கு உரிமை உண்டு என்று நீங்களே சான்றளிக்கிறீர்கள். சில திட்டங்கள் சிறு பிழைகளுக்கும் முதலில் ஒரு சிக்கல் பதிவைத் திறக்கச் சொல்லும். பைத்தான், ஜாங்கோ ஆகியவை அற்பமான ஆவணத் திருத்தங்களுக்கு அதைக் கோருவதில்லை.

## திருத்துதல்

ஒரே ஒரு பக்கத்தில் ஒரே ஒரு சொல் என்றால் உலாவியே போதும். கிட்ஹப்பில் கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்தினால், உங்கள் கணக்கில் ஒரு ஃபோர்க், அதாவது களஞ்சியத்தின் உங்களுக்கான படி, உருவாக்கப்படும்; சொல்லைத் திருத்தி, குறிப்பெழுதி, மாற்றத்தை முன்மொழியலாம். கிட்லேபிலும் ஏறத்தாழ இதே முறைதான்.

அதற்கு மேற்பட்ட வேலைக்குக் களஞ்சியத்தை உங்கள் கணினிக்குக் குளோன் செய்து (படியெடுத்து), புதிய பிராஞ்ச் (கிளை) ஒன்றை உருவாக்கி, அதில் திருத்துங்கள். இங்கே எழுத்துத் திருத்தி மென்பொருளின் தானியங்கி வசதிகளே பெரிய எதிரி. கோப்பைச் சேமிக்கும்போது வரி இறுதியில் உள்ள வெற்றிடங்களை நீக்குவது, பத்தியை மறுபடி மடிப்பது, அட்டவணையை நேராக்குவது ஆகிய அனைத்தையும் அணைத்துவிடுங்கள். மார்க்டவுன் என்னும் எளிய உரைக் குறியீட்டு வடிவில் வரி இறுதியில் வரும் இரண்டு வெற்றிடங்களுக்குப் பொருள் உண்டு; அவை வரியை உடைக்கின்றன. அவற்றை நீக்கினால் பக்கத்தின் தோற்றமே மாறும். விண்டோஸில் வேலை செய்பவர்கள் வரி முடிவுக் குறிகள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மாறினால் கோப்பின் ஒவ்வொரு வரியும் திருத்தப்பட்டதாகக் காட்டும். பராமரிப்பாளர் ஒரு சொல்லைப் பார்க்க வந்து நானூறு வரிகளைப் பார்க்க நேர்ந்தால், அவர் அந்தப் பக்கத்தை மூடிவிடுவதில் நியாயம் உண்டு.

ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் கோப்புகளில் தலைப்பின் கீழ் சமக்குறிகளாலோ சிறுகோடுகளாலோ அடிக்கோடு இடுவார்கள். அந்தக் கோடு தலைப்பைவிடக் குறுகியதாக இருக்கக்கூடாது. தலைப்பில் விடுபட்ட ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டு அடிக்கோட்டை நீட்ட மறந்தால், ஆவணத்தை உருவாக்கும்போது எச்சரிக்கை வரும். எச்சரிக்கைகளைப் பிழையாகக் கருதும் திட்டங்களில் உருவாக்கமே நின்றுவிடும்.

தலைப்புகளில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மார்க்டவுன் பக்கங்களில் ஒவ்வொரு தலைப்பிலிருந்தும் அந்த இடத்துக்கு நேரே கொண்டுசெல்லும் ஒரு நங்கூர இணைப்பு தானாக உருவாகிறது. தலைப்பில் பிழை இருந்தால் இணைப்பிலும் அதே பிழை இருக்கும். தலைப்பைத் திருத்தியதும் பழைய இணைப்பு செயலிழக்கும். ஆவணத்தின் பிற பக்கங்களில் அந்தப் பழைய நங்கூரம் எங்கெல்லாம் பயன்பட்டிருக்கிறது என்று தேடி அவற்றையும் மாற்றுங்கள். பலரும் வெளியிலிருந்து இணைக்கும் பக்கம் என்றால், பழைய பெயரிலும் ஒரு நங்கூரத்தை வைத்திருக்கலாமா என்று புல் ரிக்வெஸ்டில் கேளுங்கள். கோப்பின் பெயரிலேயே பிழை இருந்தால் நீங்களாக மாற்றாதீர்கள். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் வழிமாற்று அமைக்க வேண்டியிருக்கும் என்பதால் தனிச் சிக்கலாகப் பதிவுசெய்யுங்கள்.

மொழிபெயர்ப்புகளுக்கு நேரும் பாதிப்பைப் பற்றித் தமிழர்களாகிய நாம் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். கெட்டெக்ஸ்ட் என்னும் மொழிபெயர்ப்பு முறையில் இயங்கும் திட்டங்களில் ஆங்கிலச் சொற்றொடரே மொழிபெயர்ப்புக்கான சாவி. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சாவி மாறுகிறது. உடனே எல்லா மொழிகளிலும் அந்த வரி ஃபஸி (ஐயத்துக்குரியது) என்று குறிக்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர் மறுபடி பார்த்து உறுதிசெய்யும்வரை பொதுவாகப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்படுகிறது. நேற்றுவரை தமிழில் தெரிந்த பொத்தான் இன்று ஆங்கிலத்தில் தெரிவதற்கு இது ஒரு காரணம். ஆகவே இடைமுகச் சொற்றொடர்களில் உள்ள பிழைகளைத் திருத்தும்போது திட்டத்தின் மொழிபெயர்ப்பு விதிகளைப் பாருங்கள். க்னோம் போன்ற திட்டங்களில் வெளியீட்டுக்கு முன் சொற்றொடர்களை உறைநிலையில் வைக்கும் காலம் ஒன்று உண்டு. அப்போது இத்தகைய மாற்றங்களுக்குத் தனி ஒப்புதல் தேவை.

திருத்தி முடித்ததும் கிட் டிஃப் கட்டளையை வேர்டு-டிஃப் தெரிவுடன் இயக்குங்கள். மாறிய சொற்கள் மட்டும் தனித்துத் தெரியும். நீங்கள் எண்ணியதற்கு மேல் ஒன்று கூடத் தெரியக்கூடாது. இயன்றால் ஆவணத்தை உங்கள் கணினியில் உருவாக்கி, அந்தப் பக்கத்தை உலாவியில் ஒரு முறை படித்துப் பாருங்கள்.

## கருவிகளை எந்த அளவுக்கு நம்பலாம்

கோட்ஸ்பெல் என்பது அடிக்கடி நேரும் எழுத்துப்பிழைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு கோப்புகளில் அவற்றைத் தேடும் கருவி. அகராதியில் இல்லாத சொற்களை எல்லாம் பிழை என்று காட்டும் ஹன்ஸ்பெல், ஆஸ்பெல் போன்றவற்றோடு ஒப்பிட்டால், நிரலும் உரையும் கலந்த கோப்புகளுக்கு இதுவே பொருத்தமானது. கெர்னல் களஞ்சியத்திலும் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் இதுபோன்ற ஒரு பிழைப்பட்டியல் கோப்பு இருக்கிறது; செக்பேட்ச் என்னும் நிரல் அதைப் பயன்படுத்துகிறது. ஜாங்கோ தன் ஆவணங்களுக்கென்று அனுமதிக்கப்பட்ட சொற்களின் பட்டியலை வைத்திருக்கிறது.

கோட்ஸ்பெல்லில் கோப்புகளை நேரடியாக மாற்றி எழுதும் தெரிவு ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தாதீர்கள். பட்டியலாகக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் அதன் வாக்கியத்தில் வைத்துப் படித்து, நீங்களே கையால் திருத்துங்கள். எந்தக் கருவியும் காட்டாத பிழைகளும் உள்ளன: இட்ஸ் என்ற சொல்லில் மேற்கோள் குறி தேவையற்று வருவது, ஃபார்ம் என்பதும் ஃப்ரம் என்பதும் இடம் மாறுவது, நாட் என்ற சொல் விடுபட்டுப் பொருளே தலைகீழாவது. இந்த மூன்றாவது வகையைக் கண்டுபிடிப்பவர் ஆவணத்துக்குப் பேருதவி செய்கிறார். அதைக் கண்டுபிடிக்க, அந்த மென்பொருளை இயக்கிப் பார்த்தபடியே ஆவணத்தைப் படித்திருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் முழுப் பக்கத்தையும் கொடுத்துத் திருத்தித் தரச் சொல்லும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது பிழையைத் திருத்துவதோடு நிற்காமல் வாக்கியங்களையும் மாற்றி எழுதிவிடும். தொழில்நுட்பப் பொருள் நுட்பமாக விலகிப்போனதை நீங்கள் கவனிக்காமல் விடக்கூடும். ஐயமான ஒரு சொல்லைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது எழுதித் தந்ததை அப்படியே அனுப்புவது தவறு.

## குறிப்பெழுதி அனுப்புதல்

கமிட் குறிப்பின் முதல் வரி ஐம்பது எழுத்துகளையொட்டிச் சுருக்கமாக இருக்கட்டும். அதில் எந்தக் கோப்பு அல்லது பகுதி, என்ன மாற்றம் என்பது தெரிய வேண்டும். சில திட்டங்களில் டாக்ஸ் என்ற முன்னொட்டும் முக்காற்புள்ளியும் இட்டுத் தொடங்குவார்கள்; கிட் லாக் கட்டளையால் அண்மைய கமிட்டுகளைப் பார்த்து அந்த வழக்கத்தையே பின்பற்றுங்கள். அப்டேட் ரீட்மி என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது.

புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில், எந்தப் பக்கத்தில் பிழையைக் கண்டீர்கள், சரியான வடிவம் எது என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொன்னால் போதும். பொருள் மாற்றம் உள்ள திருத்தமாக இருந்தால், மென்பொருளை இயக்கிப் பார்த்தபோது என்ன நடந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விளக்கத்துக்கெனத் திட்டம் தரும் வார்ப்புருவில் உள்ள கட்டங்களைப் படிக்காமலே எல்லாவற்றையும் தேர்வு செய்யாதீர்கள். ஒரே ஆவணத்தில் பல பிழைகள் இருந்தால் அவற்றை ஒரே புல் ரிக்வெஸ்டில் சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்று என்று பத்து அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் தானியங்கிச் சோதனைகள் ஓடும், ஒவ்வொன்றையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும். அதே வேளையில் எழுத்துப்பிழைத் திருத்தத்துடன் வாக்கியச் சீரமைப்பைக் கலக்காதீர்கள். முன்னதை ஒரு பார்வையில் ஏற்கலாம், பின்னது விவாதத்துக்குரியது.

கெர்னல் போன்ற திட்டங்கள் புல் ரிக்வெஸ்டை ஏற்பதில்லை. அங்கே கெட்_மெயின்டெய்னர் என்னும் நிரலால் உரிய பராமரிப்பாளரைக் கண்டறிந்து, கிட் சென்ட்-ஈமெயில் வழியாக வெற்று உரையாக ஒட்டுக்கோப்பை (மாறிய வரிகளை மட்டும் காட்டும் கோப்பை) அனுப்ப வேண்டும்.

முதல் முறை அனுப்புமுன் ஒருவரிடம் காட்டிக் கேட்க விரும்பினால், பெங்களூரில் அதற்கு வாய்ப்பு நிறையவே உண்டு. 2001 இல் லினக்ஸ் பெங்களூர் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் ஃபாஸ் டாட் இன் ஆன மாநாட்டின் காலத்திலிருந்தே இந்நகரில் அந்தப் பழக்கம் வேரூன்றியிருக்கிறது. இப்போது ஃபாஸ் யுனைடெட் அமைப்பின் கூடுகைகளும், 2024 செப்டம்பரில் நிம்ஹான்ஸ் மாநாட்டு மையத்தில் நடந்தது போன்ற இந்தியாஃபாஸ் மாநாடுகளும் அதைத் தொடர்கின்றன. மடிக்கணினியைத் திறந்து வைத்து, இதைப் பாருங்கள் அண்ணா, சரியாக இருக்கிறதா அக்கா என்று கேட்டால் உட்கார்ந்து சொல்லித்தரும் தமிழர்களை அங்கே கண்டிப்பாகச் சந்திப்பீர்கள்.

## அனுப்பிய பின்

காத்திருங்கள். பராமரிப்பாளர்களில் பலர் ஊதியமின்றித் தங்கள் ஓய்வு நேரத்தில் இதைச் செய்கிறார்கள். இரண்டு வாரமாகியும் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு முறை நினைவூட்டலாம். மாற்றம் கேட்டால் அதே பிராஞ்சில் செய்து அனுப்புங்கள். புதிய புல் ரிக்வெஸ்ட் திறக்க வேண்டாம். மறுத்தால் காரணத்தைப் படித்துப் புரிந்துகொண்டு நன்றி சொல்லுங்கள்.

பராமரிப்பாளர்கள் சில நேரம் கடுமையாக நடந்துகொள்வதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், அக்டோபர் மாதத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்கு டி-ஷர்ட் வழங்கிவந்தார்கள். 2020 இல் அந்தப் பரிசுக்காகவே பொருளற்ற ஆவண மாற்றங்கள் வெள்ளமாக வந்து குவிந்தன. மாதத்தின் முதல் சில நாட்களிலேயே விதியை மாற்றி, தாமாக விருப்பம் தெரிவித்த களஞ்சியங்களை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டியதாயிற்று. வேலை தேடும் இளைஞர்கள்மீது, சுயவிவரத்தில் திறமூலப் பங்களிப்பு இருக்க வேண்டும் என்று சுமத்தப்படும் அழுத்தத்தை நான் நன்றாக அறிவேன். ஆனாலும் அந்த எண்ணிக்கைக்காகத் திருத்தாதீர்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். நேர்காணலில் அந்தத் திட்டத்தைப் பற்றி உங்களால் பத்து நிமிடம் பேச முடிந்தால்தான் அந்த வரிக்கு மதிப்பு.

திருத்தம் இணைக்கப்பட்ட பிறகும் ஒரு சிறு வேலை உள்ளது. பழைய பதிப்புகளின் ஆவணத்துக்கும் திருத்தம் செல்ல வேண்டுமா என்று பாருங்கள். பைத்தானில் பராமரிப்பாளர் ஒரு குறிச்சொல்லை இட்டால், தானியங்கி ஒன்று பழைய கிளைகளுக்கு அதைக் கொண்டுசெல்ல முயலும்.

## தமிழ் ஆவணங்களில் பிழை கண்டால்

மேலே சொன்னவை அனைத்தும் தமிழுக்கும் பொருந்தும். ஆனால் வழி வேறு. பல திட்டங்களில் தமிழ்ச் சொற்றொடர்கள் மொழிபெயர்ப்புத் தளங்களில் பராமரிக்கப்படுகின்றன: மொசில்லாவுக்குப் பொன்டூன், லிப்ரெஆஃபிஸ் உள்ளிட்ட பலவற்றுக்கு வெப்லேட். அங்கே உள்நுழைந்து திருத்தத்தைப் பரிந்துரைக்க வேண்டும். களஞ்சியத்தில் உள்ள பிஓ கோப்பை (மொழிபெயர்ப்புகள் இருக்கும் கோப்பை) நேரடியாகத் திருத்தினால் தளத்தின் தரவுடன் மோதல் ஏற்படும்.

கருப்பு, கறுப்பு இரண்டும் வழக்கில் உள்ளவை. பவளம், பவழம் என்பவையும் அப்படியே. பதிவிறக்கம் என்பதைத் தரவிறக்கம் என்று மாற்றுவது எழுத்துப்பிழைத் திருத்தமே இல்லை. அது கலைச்சொல் தேர்வு, குழுவின் சொற்பட்டியலில் பேசி முடிவுசெய்ய வேண்டியது. கோப்பு பட்டியல் என்பதைக் கோப்புப் பட்டியல் என்று ஒற்றுடன் திருத்துவது மெய்யான திருத்தம். வாணி பிழைதிருத்தியும் நாவி சந்திப்பிழை திருத்தியும் இதற்கு உதவும், ஆயினும் இறுதி முடிவை வாக்கியத்தைப் படித்து நீங்களே எடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் தமிழில் உண்டு. ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதிலாக ஒ, ள ஆகிய இரண்டைத் தட்டியிருப்பார்கள். துணைக்காலுக்குப் பதிலாக ர எழுத்து வந்திருக்கும். ஸ்ரீ என்ற எழுத்து இரண்டு வேறு குறியேற்றங்களில் எழுதப்பட்டிருக்கும். திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் தேடினால் அகப்படாது, திரைபடிப்பான் தவறாக வாசிக்கும். ஒரு சொல் தேடலில் வராமல் போனால், அந்தச் சொல்லை நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொற்றொடரின் நடுவே சதவீதக் குறியுடன் வரும் எஸ், டி போன்ற எழுத்துகளையும், அடைப்புக்குள் வரும் மாறிப் பெயர்களையும், குறுக்குவிசைக்கான அடிக்கோடு அல்லது ஆம்பர்சாண்ட் குறியையும் இருந்தபடியே விட்டுவிடுங்கள். அவற்றுள் ஒன்று குறைந்தாலும் செயலி அந்த இடத்தில் நின்றுபோகக்கூடும். பரிந்துரை ஏற்கப்பட்டு அடுத்த பதிப்பு வெளியானதும் செயலியைத் தமிழ் இடைமுகத்தில் திறந்து, நீங்கள் திருத்திய வரி பொத்தானுக்குள் முழுமையாக அடங்குகிறதா, இறுதி எழுத்து வெட்டுப்படுகிறதா என்று பார்த்து, வெட்டுப்பட்டால் திரைப்பிடிப்புடன் அதே தளத்தில் பதிவுசெய்யுங்கள்.